எந்தப் பள்ளிக்கூடத்தை முதலில் எழுதுவது?

(ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்காக மீரியபெத்தயில் நடந்த கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் நம் சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போயா லீவு ஒரு நாள்தான் விறகு பொறுக்க, துணி அலச, கோயிலுக்குப் போகக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், பிள்ளை பாஸாயிருச்சு. எந்த ஸ்கூலப் போடுறது?" கொஞ்சப் பேர் கேட்பதே இல்லை. கொமியூனிகேஷன் கடைக்குப் போய் அங்கே இருக்கும் தம்பியிடம் சுட்டெண்ணைக் கொடுத்துவிட்டு, "நல்ல ஸ்கூலாப் பார்த்துப் போட்டு விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிள்ளையின் அடுத்த எட்டு வருடத்தை யாரோ ஒரு தம்பி இரண்டு நிமிடத்தில் தட்டி முடித்துவிடுகிறார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பரீட்சையை நம்ம சனம் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறது? ஊருக்கு ஊர் பேனர் அடிப்பதும், பத்து வயதுப் பிள்ளைக்கு மாலை போடுவதும் எனக்குப் பிடிக்காது. பக்கத்துக் காம்பராவில் இரண்டு மார்க்கால் விடுபட்ட பிள்ளை அந்தப் பேனரைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறது. ஆனாலும் நம்மவர்கள் இதைப் பிடித்துக்கொள்வதற்கு நியாயம் இருக்கிறது.

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கும் சுற்றறிக்கையைப் பாருங்கள். பேர் பெற்ற பாடசாலையில் 100 இடம் இருந்தால் 50 இடம் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு. 25 இடம் அங்கே படித்த பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 இடம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு. மிச்சம் 10 இடம் கல்வித்துறையில் வேலை செய்கிறவர்கள், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு. இதில் நாம் எந்த வரிசையில் நிற்பது? பக்கத்தில் குடியிருக்கிறோம் என்று காட்டக் காணி உறுதி இருந்தால் நல்ல புள்ளி. லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? இருநூறு வருடமாகக் கொழுந்து பறித்தும் கடிதம்கூட தோட்ட ஆபீஸ் வழியாகத்தானே வருகிறது. பழைய மாணவர் என்றால், நம்ம அப்பா அம்மா டவுன் காலேஜில் படித்திருந்தால்தானே?

ஆறாம் ஆண்டு வாசலில் உறுதி கேட்க மாட்டார்கள். அப்பா எங்கே படித்தார் என்று கேட்க மாட்டார்கள். பிள்ளையின் மார்க்கைத்தான் கேட்பார்கள். நமக்கு இருப்பது அந்த ஒரு வாசல். ஆகவே அதில் நுழையும்போது கண்ணைத் திறந்துகொண்டு நுழைய வேண்டும்.

அந்த வாசலும் நமக்குப் பிந்தித்தான் திறந்தது. கன்னங்கரா ஐயா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருந்தால் மத்திய கல்லூரிக்குப் போகட்டும் என்றுதான் இந்தப் புலமைப்பரிசில் வந்தது. நம்ம தோட்டப் பள்ளிக்கூடங்கள் அப்போது தொரைமாரின் பொறுப்பில் கிடந்தன. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைச் சுவீகரித்தபோதும் நம்முடையதை எடுக்கவில்லை. 1977இல் இருந்துதான் எடுக்கத் தொடங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது வருடத்துக்கு மேல் பின்தங்கி ஓட ஆரம்பித்திருக்கிறோம்.

சரி, இப்போது மார்க்குக்கு வருவோம். இதில் இரண்டு வெட்டுப்புள்ளி இருக்கிறது. எல்லோரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பரீட்சைத் திணைக்களம் மாவட்டத்துக்கும் மொழிக்கும் தனித்தனியாகப் போடுவது. பதுளை மாவட்டம், தமிழ் மொழி என்று ஒரு எண் வரும். அதைத் தாண்டினால்தான் புதுப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம்; வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவிப் பணத்துக்கும் அதுதான் கணக்கு. மற்றது, ஒவ்வொரு பாடசாலைக்கும் உரிய வெட்டுப்புள்ளி. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதை வைத்து அது ஏறும், இறங்கும். முதலாவதைத் தாண்டிய பிள்ளை இரண்டாவதையும் தாண்டும் என்று எண்ணக் கூடாது. "பாஸான பிள்ளைக்கு ஏன் அந்த ஸ்கூல் கிடைக்கல? யாரோ காசு வாங்கிட்டாங்க" என்று சண்டைக்குப் போன அப்பாமாரை எனக்குத் தெரியும். பல நேரம் காரணம் இதுதான்.

ஆகவே பாடசாலைகளை விருப்ப வரிசையில் எழுதும்போது போன வருடம் அந்தப் பாடசாலைக்கு எவ்வளவு போனது என்று அதிபரிடம் கேளுங்கள். அது இந்த வருடமும் அப்படியே இருக்காது, ஒரு அடையாளம்தான். பிள்ளையின் மார்க்குக்கு எட்டாத மூன்று பெரிய பேர்களை மட்டும் எழுதிவிட்டு வந்தால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. ஆசைக்கு ஒன்று எழுதுங்கள், அதற்குக் கீழே நடக்கக்கூடியதையும் எழுதுங்கள்.

இனி எது நல்ல பாடசாலை? நம்ம வாயில் வரும் பேர்கள் எல்லாம் தெரிந்ததுதான்: பதுளை சரஸ்வதி, பதுளை தமிழ் மகளிர், பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி, அப்புத்தளை தமிழ் மத்திய கல்லூரி. எல்லாமே நம்ம பிள்ளைகளை ஆளாக்கிய இடங்கள். நான் இன்றைக்கு எதையும் உயர்த்தவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆறாம் ஆண்டு வகுப்பறையைப் பார்த்துப் பாடசாலையைத் தெரிவு செய்யாதீர்கள். பன்னிரண்டாம் ஆண்டைப் பாருங்கள்.

அரசாங்கம் பாடசாலைகளை வகை பிரித்திருக்கிறது. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் வரை உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வணிகம் மட்டும். வகை 2 என்றால் சாதாரண தரத்தோடு, பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். வகை 3 சின்னப் பாடசாலை. வாசலில் 1ஏபி என்று போர்டு இருந்தாலும் உள்ளே போய்க் கேளுங்கள்: தமிழ் மொழியில் இரசாயனவியல் படிப்பிக்க இப்போது ஆசிரியர் இருக்கிறாரா? பௌதிகவியலுக்கு? இணைந்த கணிதத்துக்கு? இருந்தவர் மாறுதலாகிப் போய் எத்தனை மாதம்? போன முறை உயர்தர விஞ்ஞானத்துக்கு எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள்? இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கண்டியில் சித்தப்பா இருக்கிறார், கொழும்பில் அண்ணன் கடையில் நிற்கிறான், அங்கே அனுப்பினால் பிள்ளை முன்னேறும் என்று சில வீட்டில் பேச்சு. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது விஞ்ஞானம், கணிதம், வணிகம் ஆகிய துறைகளில் 40 வீதம் இலங்கை முழுவதற்குமான தகுதி வரிசையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நம்ம பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளை எந்த மாவட்டம் என்பதற்கு உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்று பார்ப்பார்கள். கொழும்பில் போய் உயர்தரம் எழுதினால் கொழும்புப் பிள்ளைகளோடு கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு ஓட வேண்டும். நம்ம மாவட்டத்துக்கு என்று கொடுத்ததை நாமே விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆகும். நல்ல ஆசிரியர் கிடைப்பது முக்கியம், அதற்காக வெளியே போகத்தான் வேண்டும் என்றால் போகலாம். தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்தது போக்குவரத்து. என் கண்ணுக்கு முன்னால் அதிகம் பிள்ளைகள் விழுந்தது இதில்தான், படிப்பில் இல்லை. ஒரு பிள்ளை நல்ல மார்க் எடுத்து டவுன் பாடசாலைக்குப் போனாள். விடுதி கிடைக்கவில்லை. காலையில் இருட்டோடு எழுந்து, டோர்ச் அடித்துக்கொண்டு கொஸ்லந்தைக்கு இறங்கி, பெரகல வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு போய், சாயந்திரம் பனி இறங்கியபிறகு வீடு வந்து சேருவாள். பிரட்டுக்கு முன்னால் அம்மா கொண்டுபோய் விட வேண்டும், அதனால் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் அரைப்பேர். ஆறு மாதத்தில் வகுப்பில் தூங்க ஆரம்பித்தாள். எட்டாம் ஆண்டில் திரும்பி வந்துவிட்டாள். திரும்பி வந்த பிள்ளையை ஊரில் பார்த்த பார்வைதான் அவளை ஒடித்தது. அவளுக்குப் பண்டாரவளை தூரமா, மூளை போதாதா? பஸ்தான் போதவில்லை.

எனவே இடம் கிடைத்ததும் ஒரு நாள் பிள்ளையோடு அந்த நேரத்துக்கு அந்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள். முதல் பஸ் எப்போது, கடைசி பஸ் எப்போது, மழை நாளில் ரோட்டில் மண் விழுந்தால் யார் வீட்டில் நிற்பது என்று யோசியுங்கள். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கலாம், தனியார் பஸ்ஸில் அது செல்லாது. சிசு செரிய பஸ் அந்தப் பாதையில் ஓடுகிறதா என்று பாருங்கள். விடுதி என்றால் எவ்வளவு கட்டணம், வார்டன் இரவில் அங்கே தங்குகிறாரா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை. "நீ போறியா கண்ணு?" என்று அதனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அழுதுகொண்டே தலையாட்டினால் அது சம்மதம் இல்லை.

உதவிப் பணத்தை நம்பி மட்டும் கணக்குப் போட வேண்டாம். மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அது நமக்கு ஒரு நாள் பேருக்குக் கிட்டத்தட்ட வரும், அவ்வளவே. சப்பாத்து, பஸ், சாப்பாடு, வகுப்புக் காசு எல்லாம் மாதம் முழுக்க வரும்.

ஆண்பிள்ளையை டவுனுக்கும் பெண்பிள்ளையைப் பக்கத்துக்கும் என்று முடிவு செய்கிற வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அவ பொம்பளப்பிள்ள டீச்சர், பயமா இருக்கு" என்கிறார்கள். பயம் நியாயமானது, நானும் அந்தப் பாதையில் நடந்தவள். பாதைக்கு லைட் கேட்போம், நாலு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவோம், விடுதி தேடுவோம். மூன்று வழியும் பார்த்துவிட்டுப் பிறகு முடியாது என்று சொல்லுங்கள். முதலிலேயே சொல்லாதீர்கள்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளைகளின் பெற்றோர் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் பின்னால் உட்கார்ந்தீர்கள் என்று தெரிகிறது. முன்னால் வாருங்கள். சாதாரண தரம் நன்றாக எழுதினால் பன்னிரண்டாம் ஆண்டுக்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். அது இரண்டாவது வாசல். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களில் பல பேர் புலமைப்பரிசில் பாஸாகாதவர்கள். பக்கத்துப் பாடசாலையில் பதினொன்று வரை படித்து, பிறகு உயர்தரம் எழுதி, கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய் ஆசிரியராக வந்தவர்கள். இன்றைக்கு அவர்கள்தான் உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆண்டு வகுப்பு எடுக்கிறார்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்துப் பாடசாலையில் கணிதமும் ஆங்கிலமும் ஒழுங்காக நடக்கிறதா என்று மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கூட்டத்துக்குப் பெற்றோர் வருகிற பாடசாலைக்கும் வராத பாடசாலைக்கும் வித்தியாசம் இருக்கிறது, பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.

இதெல்லாம் வீட்டுக்கு வீடு தனியாகச் செய்து முடிகிற காரியம் இல்லை. அதனால்தான் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன். சம்பளத்துக்கு நிற்கிற மாதிரி இதற்கும் நிற்க வேண்டும். காலையில் மாணவர் பஸ் ஒன்று வேண்டும் என்று இ.போ.ச. டிப்போவுக்கும், தமிழ் மொழி விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பச் சொல்லி பண்டாரவளை வலயக் கல்விப் பணிமனைக்கும், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்து வாங்கும் புத்தகம் தலைவரிடம் இருக்கிறது. பேர் எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்கலாம், அதுவும் கையெழுத்துத்தான்.

கடைசியாகக் காகித விஷயம். 2014 அக்டோபர் 29 காலையில் நம்ம லயங்கள் மண்ணுக்குள் போனபோது ஆட்களோடு சேர்ந்து காகிதங்களும் போயின. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் உடுத்திய யூனிஃபோர்மோடு மிஞ்சினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைவது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பேரும் பாடசாலை இடாப்பில் இருக்கிற பேரும் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அப்பா பேரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்தக் கொடுங்கள். பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பாடசாலையிலும் வையுங்கள். கிடைத்த பாடசாலை சரியில்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் நாள் குறித்துத்தான் கொடுப்பார்கள். நாள் தாண்டினால் கேட்க மாட்டார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து வாசிகசாலையில் நானும் இரண்டு உயர்தரப் பிள்ளைகளும் போனோடு உட்கார்ந்திருப்போம். விண்ணப்பத்தை அங்கேயே சேர்ந்து நிரப்பலாம். சுட்டெண், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசை அம்மாமார் முதலில்.