உலகங்களுக்கு நடுவே ஒரு கப்பல்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன்மார்கள் தொழில் தொடங்குவது பற்றியும் வெளிநாட்டு மேற்படிப்பு பற்றியும் பயனுள்ள செய்திகள் பல சொன்னார்கள். செயலாளர் என்னிடமும் "பம்ப் டிசைன் பத்திப் பேசுப்பா" என்றுதான் கேட்டார். "சார், பம்ப் பத்தி வருஷம் பூரா பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த ஒரு சாயங்காலம் விட்டுடுங்க" என்று கெஞ்சி வேறு தலைப்பு வாங்கிக்கொண்டேன். நான் பேசப்போவது ஒரு விளையாட்டைப் பற்றி. அதிலும் விளையாடியதைப் பற்றிக்கூட இல்லை, விளையாடுவதற்குத் திட்டம் போட்டதைப் பற்றி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரைத் தம்பிகளில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்டது. பலகை அவசியமில்லை, காய் அவசியமில்லை. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். "நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள இருந்து புகை வருது" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒரே கதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குக் கேம்பெயின் என்று பெயர். தொடர்கதை மாதிரிதான். ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

2008இல் நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். விடுதியில் ஒரு சீனியருக்கு அவருடைய அக்கா அமெரிக்காவிலிருந்து விதிப் புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தார். புத்தகம் வந்தது, பகடை வரவில்லை. அந்த ஆட்டத்துக்கு 20 முகம் உள்ள பகடை வேண்டும். இந்த ஊரில் எங்கே போய் வாங்குவது? 1 முதல் 20 வரை சீட்டு எழுதி, டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். சாம்பார் வாசனையோடுதான் எங்கள் வீரர்கள் டிராகனைக் கொன்றார்கள். ஐந்து பேர் நாங்கள். பெயர் சொல்லவேண்டாம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். இன்று ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் ஜெர்மனி, ஒருவன் மஸ்கட், ஒருவன் சென்னை. நான் கோயம்புத்தூர்.

படிப்பு முடிந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. 2020 ஊரடங்கில்தான் மறுபடி கூடினோம். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் இரவு 7.30. மஸ்கட்டில் 6 மணி, சிங்கப்பூரில் 10 மணி, ஜெர்மனியில் பிற்பகல். இந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு வாரம் சண்டை போட்டோம். ஆட்டம் நடத்தும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

எந்த உலகத்தில் ஆடுவது? எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பெல்ஜாமர். 1989இல் ஜெஃப் கிரப் எழுதிய தொகுப்பு. பாய்மரக் கப்பல் ஆகாயத்தில் ஏறி, ஒரு உலகத்திலிருந்து இன்னொரு உலகத்துக்குப் போகும். கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் பொறியியல் படித்தவன் அதைப் படித்தால் கீழே வைக்கமாட்டான். நம் விண்வெளியின் இயற்பியல் அங்கே செல்லாது. பழைய காலத்தில் மனிதர்கள் பிரபஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்களே, அதுதான் அங்கே உண்மை. ஒவ்வொரு சூரியக் குடும்பத்தையும் சுற்றி ஒரு படிகக் கோளம். கோளங்களுக்கு நடுவே புளோஜிஸ்டன் என்கிற வண்ண வண்ண சமுத்திரம். முதலாண்டு வேதியியல் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எரிகிற பொருளுக்குள் புளோஜிஸ்டன் இருக்கிறது என்று 18ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள், லவாய்சியர் வந்து அப்படி ஒன்றே இல்லை என்று காட்டினார். இந்த ஆட்டத்தில் லவாய்சியர் தோற்றுப்போனார்! புளோஜிஸ்டனில் சிறு நெருப்புப் பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே அதைக் கடக்கும்வரை கப்பலில் விளக்கேற்ற முடியாது, அடுப்புப் பற்றவைக்க முடியாது. வாரக்கணக்கில் சோறு வடிக்காமல் ஒரு கப்பலை நடத்திப்பாருங்கள், டிராகனே தேவையில்லை, கலகம் தானாக வரும்.

ஈர்ப்பு விசையும் அப்படியே. கப்பலின் நடுவில் கிடைமட்டமாக ஒரு தளம். மேலே இருக்கிறவனுக்குக் கீழ்நோக்கி இழுக்கும். கப்பலின் அடிவயிற்றில் தலைகீழாக நிற்கிறவனுக்கு அதுவே மேல்நோக்கி இழுக்கும். பாய்மரத்திலிருந்து ஒருவன் கப்பலுக்கு வெளியே விழுந்தால், அந்தத் தளத்தைத் தாண்டி மறுபக்கம் போய், திரும்ப மேலே வந்து, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருப்பான். ஜெர்மனி நண்பன் உடனே "சிம்பிள் ஹார்மோனிக் மோஷன்!" என்றான. இல்லை. விசை தூரத்தைப் பொறுத்து மாறவில்லையே, திசைதானே மாறுகிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டால், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 8 வினாடி. உயரம் மாறினால் நேரமும் மாறும். இதை நிரூபிப்பதில் எங்கள் முதல் ஞாயிறு போய்விட்டது. நம் இயற்பியல் துறைப் பேராசிரியர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும்.

சரி, தவறு செய்த கதைக்கு வருகிறேன்.

நான் அந்த ஆட்டத்துக்கு மூன்று மாதம் திட்டம் போட்டேன். தொழிற்சாலையில் பிராஜெக்ட் பிளான் போடுகிற பழக்கம். 11 உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் அரசன், எதிரி, ரகசியம். எந்த வாரம் எங்கே இறங்க வேண்டும், எங்கே துரோகம் தெரியவரும், எங்கே அழ வேண்டும், எல்லாம் பார் சார்ட் போட்டு வைத்திருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இவ்வளவும் நீங்களே முடிவு பண்ணிட்டா அவங்க நாலு பேரும் எதுக்கு வராங்க?" என்று கேட்டாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏழாவது வாரம் பிராலின் பாறைக்கு வந்தார்கள். ஒரு விண்கல்லின் மேல் கட்டிய நகரம் அது. இரண்டு பக்கமும் ஈர்ப்பு இருப்பதால் மேலே ஊர், அடியில் வயல்கள். பல கண்கள் கொண்ட ஒரு கோரப் பிராணி அங்கே சாராயக்கடை வைத்து நல்ல பெயரோடு பிழைக்கிறது. அவ்வளவு அருமையான ஊர். மஸ்கட் நண்பன் அந்த ஆட்டத்தில் கப்பல் தச்சன். "மச்சான், கப்பல் அடிபட்டுக் கெடக்கு. நான் இங்கயே ஒரு பட்டறை போட்டு, நாலு வாரம் இருந்து ஒழுங்கா ரிப்பேர் பண்றேன். இந்த ஊர் புடிச்சிருக்கு" என்றான். மற்றவர்களும் சரி என்றார்கள். என்னுடைய சார்ட்டில் நாலு வாரம் ஏது? எட்டாவது வாரம் அவர்கள் போர்க்களத்தில் இருந்தாக வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று இரவே எதிரிக் கப்பல்களை வரவழைத்துத் துறைமுகத்தைக் கொளுத்தினேன். பட்டறையும் போயிற்று.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "ஆபீஸ்லதான்டா என்னைக் கேக்காம எல்லாம் முடிவு பண்றாங்க. இங்கயுமா?" திரை அணைந்தது.

அவனுக்கு அந்த வாரம்தான் வேலை போயிருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. சென்னை நண்பன் மூலம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, விமானம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஒற்றை அறையில் இருந்திருக்கிறான். அவன் ஒரு பட்டறை போட்டு நாலு வாரம் ஓரிடத்தில் இருக்க ஆசைப்பட்டது கற்பனை ஊரில்தான், ஆனாலும் அதையும் நான் கொளுத்தினேன். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பிறகு அவனுக்கு மஸ்கட்டிலேயே வேறு வேலை கிடைத்தது, நல்லபடியாக இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வரும். அவ்வளவுதான். ஆட்டம் நின்றுவிட்டது.

2022இல் ஸ்பெல்ஜாமர் புதுப்பதிப்பு வந்தது. ஒவ்வொன்றும் 64 பக்கத்தில் மூன்று புத்தகம். ஆசையாக வாங்கினேன். என் அபிப்பிராயம் கேட்டால், படம் பிரமாதம், விதிகள் குறைச்சல். கப்பலும் கப்பலும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கே போதுமான விவரம் இல்லை. படிகக் கோளமும் இல்லை, புளோஜிஸ்டனும் இல்லை, அந்த இடத்தில் ஆஸ்ட்ரல் கடல் என்று வைத்துவிட்டார்கள். அங்கே பசிக்காது, வயசும் ஆகாது. பசிக்காத பயணம் என்ன பயணம்? பழைய விதியில், மந்திரவாதி கப்பலின் இயக்க நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய மந்திர சக்தி முழுவதும் கப்பலுக்கே போய்விடும். புதுசில் அந்த நஷ்டம் இல்லை. இழப்பே இல்லாத இயந்திரத்தை எந்த மெக்கானிக்கல்காரன் நம்புவான்? நான் பழைய விதியையே எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டேன் என்றால், மறுபடி திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம். இந்த முறை கதையைத் திட்டமிடவில்லை. கணக்கை மட்டும் திட்டமிட்டேன். தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஒவ்வொரு கப்பலும் தன்னைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வையை இழுத்துக்கொண்டு போகும். கப்பல் எத்தனை பேருக்குக் கட்டப்பட்டதோ அத்தனை பேர் இருந்தால் 120 நாள் நல்ல காற்று. அதன்பின் காற்று கெடும், பிறகு உயிருக்கே ஆபத்து. என் கப்பல் 20 பேருக்கானது. அதாவது 2400 ஆள்-நாள் காற்று. நம் சத்திரத்துக் கல்யாணச் சமையல் கணக்கு மாதிரிதான். போகவேண்டிய தூரம் 90 நாள். ஆக, தாராளம். முப்பதாவது நாள் வழியில் உடைந்துபோன கப்பல் ஒன்று தெரிகிறது. அதில் 20 பேர் உயிரோடு. அவர்களுடைய காற்று ஏற்கெனவே கெட்டுவிட்டது. நம்மிடம் மீதி 1800 ஆள்-நாள். ஏற்றிக்கொண்டால் 40 பேருக்கு 45 நாள். துறைமுகம் 60 நாள் தூரத்தில். கடைசி 15 நாள் கெட்ட காற்று.

இதற்கு விடை என்ன? என்னிடம் இல்லை. குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஏற்றிக்கொள்வார்களா, பாதிப்பேரையா, வழியில் வேறு உலகம் தேடுவார்களா, அது அவர்கள் பாடு. முன்பு 11 உலகம் எழுதினேன், இப்போது எழுதியிருப்பது மூன்று துறைமுகம், ஆறு ஆட்கள், ஒரு கடன்காரன். இந்தக் கடன்காரன் முக்கியம். கப்பல் கடனில் வாங்கியது. ஒரு சூரியக் குடும்பத்துக்குள் அது நாளைக்கு 10 கோடி மைல் போகும். நம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே 9.3 கோடி மைல்தான். அவ்வளவு வேகத்தில் போனாலும் கடன்காரன் அடுத்த துறைமுகத்தில் நிற்பான் என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

பிராலின் பாறை? இருக்கிறது. எரிந்த துறைமுகத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று ஒரே வரி. யார் கட்டுகிறார்கள், எப்படி என்று எழுதவில்லை.

முதல் ஆட்டம் வருகிற ஞாயிறு. மூன்று பேர் வருகிறேன் என்றுவிட்டார்கள். மஸ்கட்காரனுக்குப் போன மாதம் எழுதினேன். பெரிய கடிதம் ஒன்றுமில்லை. "அன்னைக்கு நான் பண்ணது தப்புடா. உனக்கு வேலை போனது தெரிஞ்சிருந்தாலும் தெரியாட்டியும் அது தப்புதான். திரும்ப ஆரம்பிக்கிறோம். இந்தத் தடவை எங்க போகணும்னு நான் எழுதல" என்று மட்டும். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்.

"கப்பல்ல தச்சன் வேலை காலியா இருக்கா?"

காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.