அரசுப் பக்கத்தில் கண்ட தண்ணீரும் வாசலுக்கு வந்த தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



'அரசு இணையதளங்களை நம்பலாமா?' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். 1978-ல் இங்கே கணிதம் முடித்து, வங்கியில் முப்பத்தைந்து வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதனால் எண் விஷயத்தில் நான் கோட்டைவிட்ட கதையையே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை எப்படிப் பெய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றை ஒட்டிக் குடியிருக்கிற என் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, அணையத் தெறந்துட்டாவன்னு சொல்லுதாவ. நாங்க சாமானெல்லாம் தூக்கிட்டுக் கெளம்பணுமா?" என்றாள். அவள் தெரு வாட்ஸப் குழுவில் யாரோ குரல் பதிவு போட்டிருந்தார்கள், அணையே உடைந்துவிட்டது என்று.

நான் படித்தவனில்லையா? "வதந்தியெல்லாம் நம்பாத, இரு, அரசாங்கப் பக்கத்துலயே பார்த்துச் சொல்லுதேன்" என்றேன். பார்த்தேன். முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' என்று இருந்தது. அந்த முடிவை அரசுத் துறைகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. முத்திரை இருந்தது, அணைகளின் நீர்மட்டம் அடிக்கணக்கில் இருந்தது. இன்னும் நிரம்பவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. "ஏட்டி, பயப்படாத. வீட்டுலயே இரு" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி வாசல்படி ஏறிய தண்ணீர், விடிவதற்குள் ஜன்னல் வரை வந்துவிட்டது. பக்கத்து மாடியில் ஏறி உயிர் பிழைத்தார்கள். அரிசி மூட்டை, தையல் மிஷின், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயிற்று. அன்றைக்குத்தான் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலும் அதே ஊரில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது.

அந்தப் பக்கம் பொய் சொன்னதா? இல்லை. அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. தப்பு, நான் அதைப் படித்த விதத்திலும், அது எழுதப்பட்டிருந்த விதத்திலும் இருந்தது.

முதலாவது, அது காலை 8 மணிக்கு எடுத்த அளவு. நான் பார்த்ததோ ராத்திரி 7 மணிக்கு. மூலையில் பொடி எழுத்தில் நேரம் போட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. முத்திரை 'யார் சொன்னது' என்று காட்டும், 'எப்போது சொன்னது' என்று காட்டாது.

இரண்டாவது, அடிக்கணக்கு. பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. சேர்வலாறு 156. மணிமுத்தாறு 118. ஆகையால் 115 அடி என்றால் மணிமுத்தாற்றில் கழுத்து மட்டம். சேர்வலாற்றிலோ இன்னும் 41 அடிக்கு இடம். முழு அளவைப் பக்கத்திலேயே போடாமல் இன்றைய அளவை மட்டும் போட்டால் அது கணக்கு வாத்தியாருக்கே விடுகதை. திறந்துவிடுகிற தண்ணீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்று போடுகிறார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். ஆயிரம் கன அடி என்றால் விநாடிக்கு இரண்டாயிரம் குடம். இப்படிச் சொன்னால் என் தங்கச்சிக்குப் புரியும்.

மூன்றாவதுதான் பெரிது. நான் அணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மழை மலையில் மட்டுமா பெய்தது? அணைக்குக் கீழே, சமவெளி முழுக்கப் பெய்தது. கடனாநதி வந்து சேருகிறது, சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேருகிறது. அத்தனையும் சேர்ந்துதான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகும். ஆனால் தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. அணை ஒரு மாவட்டத்துப் பக்கத்தில், துணையாறு இன்னொன்றில், மூழ்குகிற ஊர் மூன்றாவதில். ஆத்துக்கு என்னவே மாவட்ட எல்லை தெரியும்?

மழை எச்சரிக்கைக்கு வருவோம். வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை'. சென்டிமீட்டர் கணக்கில் அதற்கு மேல் வேறு படி கிடையாது. அந்தக் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. 21-க்கும் அதே பெயர், 95-க்கும் அதே பெயர். பிற்பாடு, முன்கூட்டியே எச்சரித்தோம் என்று ஒன்றிய அரசும், எச்சரித்த அளவு வேறு பெய்த அளவு வேறு என்று மாநில அரசும் வாதாடின. அரசியலை இங்கே பேச வரவில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் நிற்க இடம் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். இன்னொன்று: 18-ம் தேதி மழை என்று போட்டிருந்தால் அது முந்தின நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை பெய்தது. இது தெரியாமல் என் நண்பர் ஒருவர் பட்டியலே தவறு என்று சண்டைக்குப் போனார்.

இதெல்லாம் படிப்பவன் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியின் மொழியையும், அங்கே எந்த வழியில் சொன்னால் போய்ச் சேரும் என்பதையும் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. 'இன்ப்ளோ', 'டிஸ்சார்ஜ்' என்று போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியுமா? நம் ஊர்ப் பெரியவர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்த்தே ஆற்றை அளந்தவர்கள். 'கோயில் மண்டபம் மூழ்கிற்று' என்று ஒரு வரி சேர்த்தால் திருநெல்வேலியில் விளங்காத ஆள் இருக்கமாட்டார்.

இந்த அரங்கில் அரசுப் பணியில் இருக்கிற நம் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்கள் சிலரும் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன்னால், முழு அளவையும் எடுத்த நேரத்தையும் பெரிய எழுத்தில் போட ஒருவராவது ஏற்பாடு செய்தால், நான் இவ்வளவு நேரம் பேசியதற்குக் கூலி கிடைத்துவிடும்.

தங்கச்சி வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள், தண்ணீர் நின்ற இடத்தில் மட்டும் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. பக்கத்தில் பேத்தி எழுதியிருக்கிறாள்: '18.12.2023, விடியக்காலம் 4 மணி, இந்த அளவு.'