நீரடியில் ஒரு நாழிகைக் கணக்கர்



பத்தாம் ஆண்டு விழாவில் காலத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று கருதினேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கடலில் மூழ்குவோர்க்கெனச் சுவிட்சர்லாந்தில் செய்யப்பெற்ற அலாரக் கைக்கடிகாரமே அது. மின்கலம் இல்லாமல், சுருள்வில்லின் விசையால் இயங்குவது. மூழ்குவோரின் மணிக்கட்டில் கணிப்பொறியே வந்துவிட்ட இந்நாளிலும், அறுபதாண்டுப் பழைமையுடைய அதன் வடிவத்தை மீண்டும் செய்கிறார்கள், விரும்பி வாங்குகிறார்கள். இவ்விருப்பம் எதனால்?

நம் முன்னோர் காலத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே மிகுதி. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகை கொண்டு பொழுதளப்போர் வேந்தனுக்கு நேரத்தை அறிவிக்கின்றனர். போர் நினைவில் ஆழ்ந்திருப்பவன் வேந்தன். அவன் பொருட்டு விழித்திருப்பவர் நாழிகைக் கணக்கர். ஒருவர் மறந்திருக்க, மற்றொருவர் நினைவூட்டுகிறார்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் இதே முறையைக் காண்கிறோம். கல் கட்டிய கயிற்றின் துணையால் ஒருவர் கடலடிக்கு இறங்குவார். தோணியில் நிற்பவர், கயிறு அசைந்ததும் அவரை மேலே இழுப்பார். இடையில் உள்ள காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்பர். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதை அறிந்தவர் அல்லரோ அவர்! தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

காற்றுக்கலனை முதுகில் சுமந்து இறங்கும் புதிய முறையில் அக்கயிறு இல்லை. மூச்சுக்கு நேரம் கூடியது, இடரும் உருமாறியது. அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. நெடுநேரம் தங்கியவர் விரைந்து மேலே வந்தால் அது குமிழியாகி உடலை முடக்கும், உயிரையும் பறிக்கும். அக்காலத்து அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி, 100 அடி ஆழத்தில் 25 நிமிடம் இருந்தவர் இடையில் நிற்காமல் மேலேறலாம். நம் நாழிகை 24 நிமிடம். ஆக, அந்த ஆழம் மனிதனுக்குத் தரும் தவணை ஏறத்தாழ ஒரு நாழிகை!

அதே ஆழத்தில் நைட்ரஜன் மதுவைப் போல அறிவை மயக்கவும் தொடங்குகிறது. கையில் கடிகாரம் இருந்தும் அதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழாமற் போகலாம். ஆகவே, கேளாமலே கூப்பிடும் குரல் ஒன்று வேண்டியிருந்தது. ஜெகர் லெகூல்ட்ர் நிறுவனம் 1959இல் மெமோவாக்ஸ் டீப் சீ கடிகாரத்தை வெளியிட்டது. மெமோவாக்ஸ் என்பது நினைவின் குரல் எனப் பொருள்படும் பெயர். 1961இல் வல்கெய்ன் நிறுவனத்தின் கிரிக்கெட் நாட்டிக்கல் வந்தது. விளையாட்டின் பெயரன்று அது. இரவில் ஒலிக்கும் சுவர்க்கோழியின் பெயர்.

இவற்றுள் சுருள்வில் இரண்டு. ஒன்று முள்ளை நகர்த்தும்; மற்றொன்று சிறு சுத்தியலை இயக்கும். குறித்த நேரத்தில் சுத்தியல் படபடவென்று அடிக்கும். கிரிக்கெட் நாட்டிக்கலில் பின்மூடியை அடுக்காகச் செய்து, வெளிமூடியில் துளையிட்டு, நீர் புகாமலே ஒலி வெளிவர வழிசெய்தனர். காது கேளாவிடினும் மணிக்கட்டு அதிர்வை உணரும். அந்த அலாரத்துக்குரிய சாவியை மூழ்குபவர் தம் விரலாலேயே கொடுக்க வேண்டும்.

இதன் கவர்ச்சி இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து. கரையில் தெளிந்திருக்கும் மனம், ஆழத்தில் மயங்கப்போகும் தன்னையே முன்கூட்டி நினைத்து விடுக்கும் ஓலை அது. ஒலிக்கும் விசையும் தாமே ஏற்றிவைத்த விசை. மைத்துனர் பிடித்த கயிற்றின் மறுமுனையை மனிதன் தன் கையிலேயே கட்டிக்கொண்டான். கணிப்பொறி இதனினும் நுட்பமாகக் கணக்கிடும். உயிர்காக்கும் கருவியாக அதனையே கொள்ள வேண்டும். ஆயினும், நினைவூட்டும் பொறுப்பில் நம் விரலுக்கும் பங்குண்டு என்ற உணர்வைப் பழைய கடிகாரமே தருகிறது.

2011இல் டீப் சீ மீண்டும் வந்தபோது ஐரோப்பிய வடிவில் 959, அமெரிக்க வடிவில் 359 கடிகாரங்களே செய்யப்பட்டன. வாங்கியோரில் பெரும்பாலோர் கடலில் இறங்கப் போவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலோ சங்கு குளிப்போர், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியின் குழாய்வழிச் சுவாசித்து இறங்குகின்றனர். முடக்கும் நோய் அவர்களை அறியும். குரல் தேவைப்படுவோர் ஓரிடம். குரல் விற்பனையாகும் இடம் வேறிடம். இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

காலத்தில் வராத எச்சரிக்கையின் விலையைக் கடலூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் தேவனாம்பட்டினக் கரையில் அலைக்கு முன்னே எந்தக் குரலும் எழவில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007இல்தான்.

கவிஞர் பெருமக்களே, கடலைப் பாடும்போது முத்தையும் அலையையும் பாடுகிறோம். மேலே கயிறு பிடித்து நின்றவரையும், பொழுதறிந்து அழைத்தவரையும் இனிப் பாடுங்கள். ஆழத்துக்குச் சென்றவர் திரும்பி வந்தது அவர்களால்தான்.