வெள்ளைக் கட்டங்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆவணக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி நூலகத்துக்குப் போனால் அலுமாரிகளைப் பார்த்தபடியே நடப்போம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே நல்ல புத்தகம் ஒன்று கையில் அகப்படும். இணையத்தில் பெரும்பாலும் ஒரு தேடற்பெட்டிதான் இருக்கிறது. என்ன கேட்பது என்று தெரிந்தவருக்கே அது உதவும்.

இந்தக் குறையைப் போக்கவே, ஒரு சேகரம் முழுவதையும் படமாகக் காட்டும் கருவிகள் வந்தன. நியூயோர்க் பொது நூலகம் 2016 ஜனவரியில், பதிப்புரிமைத் தடையற்ற 187,000 இற்கும் மேற்பட்ட எண்ணிமப் பிரதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கூடவே அவற்றைச் சின்னஞ்சிறு படங்களாக ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டியது. நூற்றாண்டு, வகை, தொகுப்பு, நிறம் என எப்படியும் அடுக்கிப் பார்க்கலாம். ஒன்றைச் சொடுக்கினால் அது பெரிதாகும்.

விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு 2012 இல் தொடங்கியது. அங்கே ஒரு கேள்விக்கான பதிலை நிலப்படமாகவும் காலக்கோடாகவும் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தின் பாடசாலைகளைக் கேட்டால் புள்ளிகள் விழும். புள்ளி விழாத ஊரில் பாடசாலையே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. எவரும் அதைப் பதியாமல் விட்டிருக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களைப் பற்றியவை ஏறத்தாழ ஐந்திலொன்றுதான். அந்தக் குறையைக் கண்டு எழுத வந்தவர்கள் பலர்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். வீடு வீடாகச் சேர்த்த கல்லூரிச் சஞ்சிகைகளை ஸ்கான் செய்தோம். உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஆண்டுக்கு ஒரு கட்டமாகக் கணினியில் வரைந்து தந்தாள். சஞ்சிகை கிடைத்த ஆண்டு பச்சை, கிடைக்காத ஆண்டு வெள்ளை. பச்சையைச் சொடுக்கினால் இதழ் திறக்கும். பட்டியலாக வாசித்தபோது எங்களுக்கு உறைக்காத ஒன்று அப்போது கண்ணில் குத்தியது. எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் முடிவுவரை ஒரே வெள்ளை.

"அன்ரி, அப்ப பள்ளிக்கூடம் நடக்கேல்லையோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதினோம். அச்சடிக்கத் தாள் இல்லாதபோது கையெழுத்துச் சஞ்சிகை போட்டோம். 1995 இடப்பெயர்வின்போது கையில் எடுத்தவை போக மற்றவற்றை விட்டுவிட்டு நடந்தோம். இவ்வளவும் அவளுடைய படத்தில் இல்லை. பிழை அவளுடையதல்ல. நாங்கள் கொடுக்காததை அவள் எப்படி வரைவாள்?

அந்தப் படத்தை வெளிநாட்டில் இருக்கும் தோழியருக்கு அனுப்பினோம். ரொறன்ரோவிலிருந்து ஒருத்தி, தன் அம்மாவின் றங்குப்பெட்டியில் கிடந்த கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். ஒரு கட்டம் பச்சையானது. அன்றிரவு எங்களில் பலர் நித்திரை கொள்ளவில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே பிரதியை ஓரிடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005 இலிருந்து நூலகம் எண்ணிம நூலகம் எம்மவரின் நூல்களையும் மலர்களையும் இணையத்தில் காத்து வருகிறது. எங்கள் சஞ்சிகைகளும் அங்கே சேர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். சஞ்சிகை, கலைவிழா நிகழ்ச்சிநிரல், தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம் எது இருந்தாலும் தாருங்கள். ஸ்கான் செய்து பத்திரமாகத் திருப்பித் தருவோம். படமென்றால் ஆண்டையும் நிற்பவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். ஆண்டு தெரியாத படத்துக்கு எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காது. பெயர் சொல்லக்கூடிய அக்காமார் இன்று எம்மோடு இருக்கிறார்கள். அவர்களை இன்றே கேட்போம்.