அடுத்து என்ன படிப்பது? சந்தையிடம் விட்டுவிடக் கூடாத கேள்வி

(மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டும் பணியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து என்ன படிப்பது? படித்த, வசதியுள்ள குடும்பத்தில் விடை சொல்ல அண்ணன் இருக்கிறார், மாமா இருக்கிறார். கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கும் நிறுவனமும் இருக்கிறது. விவசாயத் தொழிலாளியின் மகளுக்கும், கட்டுமானத் தொழிலாளியின் மகனுக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த வெற்றிடத்தைத் தனியார் கல்லூரியின் விளம்பரத் தட்டியும் தரகரின் தொலைபேசி அழைப்பும் நிரப்புகின்றன. ஆகவே இது மாணவரின் திறமை பற்றிய பிரச்சனை மட்டுமல்ல. தகவல் எந்த வர்க்கத்திடம் குவிந்து கிடக்கிறது என்ற பிரச்சனையும் ஆகும்.

இந்தத் தேவை இன்று கண்டறியப்பட்டதல்ல. டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் தேவை எனப் பரிந்துரைத்தது. 1964-66இல் செயல்பட்ட கோத்தாரி குழு, வழிகாட்டலைக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாகக் கருதியது. குறைந்தபட்சம் பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 சதவீதத்தினரும் 1995க்குள் 25 சதவீதத்தினரும் தொழிற்கல்வி பெறுவர் என்று இலக்கு வைத்தது. அது நிறைவேறவில்லை. 2020ஆம் ஆண்டின் கொள்கையோ, 2025க்குள் மாணவர்களில் பாதிப்பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்கும் என்றது. இலக்குகள் மாறிக்கொண்டே வந்தன. ஆனால், மாணவரின் அருகில் அமர்ந்து பேசும் ஆலோசகருக்கான பணியிடம் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இன்றும் இல்லை.

அரசு விலகி நின்ற இடத்தில் சந்தை நுழைந்தது. ராஜஸ்தானின் கோட்டா நகரம் அதன் அடையாளம். அங்கே மாணவர் தற்கொலைகள் தொடர்ந்தபோது, 2023இல் விடுதி மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்தும்படி நிர்வாகம் உத்தரவிட்டது. 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. ஆனால் நெருக்கடியின் வேர் எங்கே இருக்கிறது? 2024இல் நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்துக்கும் அதிகம். நாட்டிலிருந்த எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம். அவற்றில் சுமார் பாதியே அரசுக் கல்லூரிகளில். இடம் கிடைக்காத 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதியற்றவர்கள் அல்லர். இல்லாத இடங்களுக்காகப் போட்டியிட வைக்கப்பட்டவர்கள் அவர்கள். இந்த எளிய கணக்கைப் பதினாறு வயது மாணவருக்கு விளக்குவதே வழிகாட்டலின் முதல் கடமை. தோல்வியின் பாரத்தை அந்த மாணவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இத்தகைய விமர்சனத்தோடு நின்றுவிட முடியுமா? முடியாது. கொள்கை மாறும் வரை விண்ணப்பத்தின் கடைசி நாள் காத்திராது. போராட்டமும் அன்றாட உதவியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். நடைமுறையில் செய்யத்தக்கவை பல.

முதலாவதாக, வழிகாட்டல் பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் பட்டப்படிப்பின் பெரும்பகுதி மூடிவிடுகிறது. வட மாநிலங்களின் கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் கலைப் பிரிவு மட்டுமே உள்ளது. அறிவியல் படிக்க வெகுதூரம் செல்ல வேண்டும் என்றால், முதலில் நிறுத்தப்படுவது பெண் குழந்தையின் படிப்பே. இதை அக்குழந்தையின் ‘விருப்பம்’ என்று பதிவு செய்வது பொய்யாகும்.

இரண்டாவதாக, எல்லாப் பாதைகளையும் காட்ட வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டாண்டுப் பயிற்சிகள் உள்ளன. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகையுடன் ஆலைப் பயிற்சி பெறலாம். அதேவேளையில், பழகுநர் என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளியின் வேலையைக் குறைந்த செலவில் வாங்கும் நிர்வாகங்கள் குறித்தும் எச்சரிக்க வேண்டும். தேர்வில் தவறியவருக்குத் துணைத் தேர்வும், திறந்தநிலைப் பள்ளியும் இருக்கின்றன. தேர்வு முடிவு வந்த அன்று முதலில் தேடிச் செல்ல வேண்டிய வீடு அவருடையதே.

மூன்றாவதாக, பணம். பட்டியல் சாதி மாணவருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. இவை தெரியாமல் கந்துவட்டியில் சிக்கும் குடும்பங்கள் ஏராளம். மறுபுறம், சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியது. ஏணியின் மேற்படிகள் அகற்றப்படும்போது, கீழே நிற்பவரிடம் ஏறச் சொல்வது மட்டும் வழிகாட்டல் ஆகாது.

நான்காவதாக, ஆவணங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாணவர் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வுக்கு முன்பே தயாராக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. ‘சான்றிதழ் கொடுத்துவிட்டோம், இனி வேறெங்கும் போக முடியாது’ என்று கலங்கும் பெற்றோரிடம் இந்தச் செய்தி சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவரைப் பேசவிட வேண்டும். வழிகாட்டுபவர் தம் நிறைவேறாத ஆசையை அவர் மீது ஏற்றக் கூடாது. ஏழைப் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. போதும், வசதியான பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்று மனதுக்குள் பிரித்து வைப்பதும் சாதிய, வர்க்கப் பார்வையே. தொழிற்கல்வி ஒருவரின் தேர்வாக இருக்கலாம். தலைவிதியாக இருக்கக் கூடாது.

இப்பணியிலிருந்தே கோரிக்கைகளும் பிறக்கின்றன. மேல்நிலைப் பள்ளிகளில் நிரந்தர ஆலோசகர் பணியிடம் வேண்டும். எட்டும் தூரத்தில் எல்லாப் பாடப்பிரிவுகளும் வேண்டும். அரசுக் கல்லூரி இடங்கள் பெருக வேண்டும். கோத்தாரி குழு கூறிய 6 சதவீத நிதி ஒதுக்கீடு செயலுக்கு வர வேண்டும். ஒரு பள்ளியில் எத்தனை பேர் எதற்கு விண்ணப்பித்தனர், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் நின்றனர் என்ற குறிப்பேட்டை ஒவ்வொரு குழுவும் பராமரித்தால், இக்கோரிக்கைகளுக்கு மறுக்க முடியாத ஆதாரம் திரளும்.

தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஒருவர் ஒரு பள்ளியைப் பொறுப்பேற்று, வருமானச் சான்றிதழ் இல்லாத மாணவர்களின் பட்டியலை இந்த வாரமே எடுக்கலாம். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.