விலை கொடுத்து வாங்கிய விடுதலை



மாந்தனை மாந்தன் உடைமையாகக் கொண்டிருந்த நாடுகளுள் உருசியாவும் ஒன்று. அங்கே பெருநிலக்கிழார்கள் நிலத்தோடு உழவரையும் சேர்த்து விற்றனர், வாங்கினர். 1861-ஆம் ஆண்டில்தான் அக்கொடுமை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்பே, 1841-இல், எகோர் செகாவ் என்னும் அடிமை உழவர், சிறுகச் சிறுகச் சேர்த்த 3,500 உரூபிளைத் தம் ஆண்டையிடம் கொடுத்துத் தம்மையும் மனைவியையும் ஆண்மக்கள் மூவரையும் மீட்டுக்கொண்டார். மகளை மீட்கப் பொருள் போதவில்லை. ஆண்டை இரங்கி அவளையும் உடன் விடுவித்தார்.

அம்மூன்று ஆண்மக்களுள் ஒருவர் பாவெல். அடிமையாகப் பிறந்து, இளமையில் விடுதலை கண்ட அவர், அசோவ் கடற்கரைத் துறைநகராகிய தாகன்றோகுக்கு வந்து, வணிகர் ஒருவரிடம் கடையாளாய் அமர்ந்தார். 1854-இல் எவ்கேனியா என்னும் நங்கையை மணந்தார். 1857-இல் தமக்கெனக் கடை திறந்தார். உலகம் போற்றும் சிறுகதை வேந்தர் அந்தோன் செகாவ், இவர்தம் மூன்றாம் மகனாக 1860-இல் பிறந்தார்.

தேயிலை, குளம்பி, சருக்கரை, எண்ணெய், மாவு, மெழுகுதிரி, கருவாடு, புகையிலை, மது, மருந்து என அனைத்தும் அக்கடையில் விற்றன. விடியுமுன் திறந்து நள்ளிரவை ஒட்டி மூடுவர். பள்ளியினின்று திரும்பும் பிள்ளைகள் அங்கே காவலிருத்தல் வேண்டும். எழுதுமை உறையும் குளிரிலும் சிறுவன் அந்தோன் பள்ளிப்பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடையில் இருந்ததை மூத்த மகன் அலெக்சாந்தர் பின்னாளில் எழுதிவைத்தார். ஒருமுறை எண்ணெய்க் கொள்கலத்துள் எலி விழுந்து செத்தது. பாவெல் எண்ணெயைக் கொட்டவில்லை. குருவை அழைத்து மந்திரம் ஓதித் தூய்மை செய்வித்தார். ஊரார் அவ்வெண்ணெயை மட்டுமன்றிக் கடையையே ஒதுக்கினர் என்பதும் அலெக்சாந்தர் எழுதியதே.

பாவெல் தீயவரல்லர். பிடில் வாசிப்பார், ஓவியம் தீட்டுவார், கோயிலில் பாடற்குழு அமைத்து நடத்துவார். ஆயினும், அப்பாடற்குழுவுக்காக மக்களை உறக்கத்தினின்று எழுப்பி இழுத்துச் செல்வார். பிழை கண்டால் அடிப்பார். மனைவியை உணவு மேசையிலேயே கடிந்து சீறுவார். ஊர்ச்செல்வம் கிரேக்க வணிகர் கையிலிருந்த கரணியத்தால், மக்களைக் கிரேக்கப் பள்ளியில் சேர்த்தார். அவர்களோ அங்கே யாதொன்றும் கற்றிலர். ஆண்டையிடம் அடங்கியிருந்த குடியில் பிறந்தவர், தம் வீட்டில் தாமே ஆண்டையானார். கழுத்திற் கிடந்த நுகம் கழன்றது. நெஞ்சிற் கிடந்த நுகம் கழலவில்லை.

1869-இல் நகருக்கு இருப்புப்பாதை வந்தது. வணிகம் பெருகுமென நம்பி, நிலையத்தருகே இன்னொரு கடை திறந்தார், அதுவும் நொடித்தது. கடன் வாங்கி வீடு கட்டினார், கடன் வளர்ந்தது. 1876-இல், கடன்காரர்களுக்கும் சிறைக்கும் அஞ்சி, மாசுக்கோ நகருக்கு ஓடி ஒளிந்தார். வீட்டில் குடியிருந்தவரே, 500 உரூபிள் கடனை அடைத்து வீட்டைத் தமதாக்கிக்கொண்டார். அகவை பதினாறே ஆன அந்தோன், தம் வீடாயிருந்த அதே வீட்டில், அவர் உறவினனுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துத் தங்கினார். தாம் ஈட்டிய சிறுபொருளில் மிச்சம் பிடித்துப் பெற்றோர்க்கு அனுப்பினார். 1879-இல் மாசுக்கோ சென்று மருத்துவம் பயிலத் தொடங்கி, 1884-இல் மருத்துவரானார். வறுமையில் உழன்ற அக்குடும்பத்தை அவர்தம் எழுதுகோலே தாங்கிற்று.

அவையீர்! இனித்தான் உண்மைப் போர் தொடங்குகின்றது. 1889-ஆம் ஆண்டின் முதல் திங்களில் அந்தோன் இரு மடல்கள் எழுதினார். ஒன்று அண்ணன் அலெக்சாந்தர்க்கு. மனைவியிடமும் பணிப்பெண்ணிடமும் அவர் முரட்டுத்தனமாய் நடந்ததைக் கண்டு கொதித்து, தந்தையின் கொடுங்கோன்மையும் பொய்ம்மையுமே தம் பிள்ளைப்பருவத்தையும் தாயின் இளமையையும் பாழாக்கின என நினைவூட்டிக் கண்டித்தார். மற்றொன்று பதிப்பாளர் ஒருவர்க்கு. அடிமைக் குடியில் தோன்றிய இளைஞன் ஒருவன், தன்னுள் ஊறிய அடிமைத்தனத்தைத் துளித்துளியாய்ப் பிழிந்து வெளியேற்றி, தன் நரம்பில் மாந்தக் குருதி ஓடுவதை உணரும் கதையை எழுதலாமே என்றார். அவ்விளைஞன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதற்காகத் தந்தையை அவர் துரத்தினாரோ? இல்லை. 1892-இல் மெலிகோவோ என்னும் சிற்றூரில் நிலமும் வீடும் வாங்கிப் பெற்றோரை அங்கேயே வைத்துப் பேணினார். அவ்வட்டாரத்தைக் கொள்ளைநோய் நெருங்கியபோது, ஊதியம் பெறாமல் பணியாற்றினார், பள்ளிகள் கட்டுவித்தார், தம்மை அடித்து வளர்த்த தாகன்றோகு நகரின் நூலகத்துக்கு நூல்களை அனுப்பிக்கொண்டேயிருந்தார். பாவெல் 1898-இல் மறையும்வரை மகனின் நிழலிலேயே வாழ்ந்தார்.

பாட்டனார் பொன் கொடுத்து உடலை மீட்டார். தந்தையார் கடை வைத்துப் பெயரை உயர்த்த முயன்றார். பெயரனோ, அடித்தவரை அடிக்காமலும், அடிபட்டதை மறவாமலும் தன்னையே மீட்டான். முதலிரண்டும் விலையால் முடிந்தவை. மூன்றாவது, ஒருவன் தன்னுள்ளே நாள்தோறும் செய்தற்குரியது. அதற்குக் கடையில்லை, கடனும் கிடைக்காது.

இதனை எண்ணிப் பார்ப்பீராக! உங்கள் வீட்டில் எவரேனும் உங்கள் குரல் கேட்டு அஞ்சி ஒடுங்குவாராயின், ஆண்டை இன்னும் அகலவில்லை என்று அறிவீராக!