மின்மயமாகும் இல்லமும் ஆற்றல் ஆலோசகரின் மொழியும்



மொழியியல் பயின்ற ஒருவன் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதா என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். வீட்டு மின்சாரம் தொடர்பான சிக்கல்களுள் ஒரு பகுதி சொற்களின் சிக்கல் என்பதே என் விடை.

1894ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் யூ அவர்களும் தம்புசாமி பிள்ளை அவர்களும் மின்னாக்கியை நிறுவினர். இந்நாட்டின் மின்சார வரலாறு அங்கிருந்தே தொடங்குவதாகக் கூறுவர். 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1990இல் தெனாகா நேஷனல் பிறந்தது. ஆக, அவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் உண்டு. ஆயினும், நம் இல்லங்களில் மின்கட்டணச் சீட்டு இன்றும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் தாளாகவே இருக்கின்றது.

மலாய்ப் பேச்சுவழக்கில் அதனை 'பில் அப்பி' என்பர். அப்பி என்றால் நெருப்பு. நாம் 'கரண்டு பில்' என்கிறோம். கரண்டு என்றால் மின்னோட்டம். நாம் விலை கொடுத்து வாங்குவதோ ஆற்றல். அதன் அளவு கிலோவாட் மணி. ஒரு கருவி அவ்வாற்றலை எவ்வளவு விரைவாக உட்கொள்கிறது என்பது திறன். அதன் அளவு கிலோவாட். தமிழ்நாட்டார் ஆற்றல், திறன் என்பவற்றை இலங்கைத் தமிழர் சக்தி, வலு என்பர். எச்சொல்லை ஆண்டாலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 60 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் 0.6 கிலோவாட் மணி செலவாகும். 3.6 கிலோவாட் குளியல் நீர்ச்சூடேற்றி பத்தே நிமிடத்தில் அதே 0.6 கிலோவாட் மணியை உட்கொள்ளும். கட்டணத்தில் இரண்டும் ஒன்றே. கம்பியில் இரண்டும் ஒன்றல்ல. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் செருகி தாங்குவது ஏறக்குறைய 3 கிலோவாட் மட்டுமே. ஆகவே சூடேற்றிக்குத் தனி இணைப்பும், 10 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் காப்புக் கருவியும் தேவை. பணத்தைக் காக்க ஆற்றலையும் உயிரைக் காக்கத் திறனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முன்னாளில் வீட்டுக்கு மின்சாரம் என்றால் விளக்கு எரிவது. இன்று குளிரூட்டி, தூண்டல் அடுப்பு, மின்மகிழுந்து, கூரைமேல் சூரியத் தகடு என வீடு முழுவதும் மின்மயமாகிறது. எதை முதலில் மாற்றுவது, எதைப் பின்னர் மாற்றுவது, எதை மாற்றவே வேண்டாம் என வீட்டைப் பார்த்துச் சொல்பவரே ஆற்றல் ஆலோசகர். கனடாவில் இது பதிவு பெற்ற பணி. ஆலோசகர் வாசலில் விசிறி பொருத்திக் காற்றுக் கசிவை அளப்பார். அங்கு 2021இல் தொடங்கிய வீட்டுச் சீரமைப்பு மானியத்தைப் பெற, பணிக்கு முன்னும் பின்னும் அவருடைய மதிப்பீடு கட்டாயமாக இருந்தது.

நம் நாட்டில், ஆறு மாதத்தில் 30 லட்சம் கிலோவாட் மணிக்குக் குறையாது பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆற்றல் மேலாளரை அமர்த்த வேண்டும் என 2008ஆம் ஆண்டின் விதிகள் பணித்தன. 2025 சனவரி முதல் நடப்பிலுள்ள ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டமும் பெரும் பயனீட்டாளர்களிடம் அத்தகைய கடமையை எதிர்பார்க்கிறது. வீடுகளுக்கோ, கருவிகளில் ஒட்டப்பெறும் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திர முத்திரையே துணை. அதனை விளக்குபவர் பெரும்பாலும் கடை விற்பனையாளர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 'இப்பொருள் உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அதைச் சொல்லக்கூடியவரே ஆலோசகர்.

இவ்வுரிமை ஏன் இன்றியமையாதது? 2025 சூலை முதல் வீட்டுக் கட்டணம் ஆற்றல், கொள்திறன், வலையமைப்பு, சில்லறைச் சேவை எனப் பகுத்துக் காட்டப்படுகிறது. 600 கிலோவாட் மணி வரை சில்லறைக் கட்டணம் இல்லை. சிக்கனச் சலுகையோ பயன்பாடு கூடக்கூடக் குறைந்து, 1000ஐத் தாண்டினால் அற்றுப்போகும். மறுபுறம், சமையல் எரிவாயு அரசின் உதவித்தொகையால் கிலோ 1 ரிங்கிட் 90 காசுக்குக் கிடைக்கிறது. எனவே ஒரே தூண்டல் அடுப்பு, குறைவாகப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு ஆதாயமாகவும், குளிரூட்டி பல ஓடும் குடும்பத்துக்குச் செலவாகவும் முடியக்கூடும். விருப்பத்தின் பேரில் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால், வேலைநாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல். மாலையில் சமைத்துத் துவைக்கும் வீட்டுக்கு அது பொருந்தாமற் போகலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே அறிவுரை கூற இயலாது. கேட்டறிந்து கூறவேண்டும், கேட்பதற்கு வீட்டாரின் மொழி வேண்டும்.

செங்கற்சூளைகளும் ரயில்துறையும் உருவாக்கிய இப்பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் அடுக்குமாடிகளில், மலாயில் வந்த சீட்டைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக்காட்டும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். ஊதியம் பெறாத முதல் ஆலோசகர்கள் அவர்களே. 'கிலோவாட் ஜாம்' என்பதை 'கிலோவாட் மணி' எனப் பெயர்த்தால் போதாது. 'விசிறி பத்து மணி நேரம் ஓடினால் இவ்வளவு' என்று விளங்கச் செய்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பெயரும் முகவரியும் மறைத்த ஒரு மின்கட்டணச் சீட்டை மொழிப்பாட வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அதனை எளிய தமிழில் விளக்கி எழுதும்படி மாணவர்க்குப் பயிற்சி கொடுங்கள். கம்பியைத் தொடும் வேலை உரிமம் பெற்ற மின்கம்பியருக்கே உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலைச்சொல் அகராதியில் உறங்கும் ஆற்றலும் திறனும் அவ்வாறுதான் அடுக்களைக்கு வந்துசேரும்.